விற்பனைக்கு வைத்த வண்ணங்கள்



சுவரில் தொங்கும் தைல வண்ண ஓவியத்தைக் கண்டு வியந்து நிற்கிறோம். அதைத் தீட்டியவர் இல்லத்தில் அன்று அடுப்பு எரிந்ததா என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. தீட்டுவது, சட்டமிடுவது, விற்பது, பிறருக்குக் கற்பிப்பது ஆகிய நான்கு சுமைகளையும் வாழ்நாளெல்லாம் தாங்கிய ஒருவரை உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறோம். அவர் பிரெஞ்சு ஓவியர் கமீல் பிஸ்ஸாரோ.

கரீபியக் கடலின் செயின்ட் தாமஸ் தீவில், 1830-ஆம் ஆண்டு, வணிகக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். தந்தையின் தொழிலில் மனம் ஒட்டாமல், 1855-இல் பாரிஸ் வந்து தூரிகையை நம்பினார். தம் தாயார் வீட்டில் பணிபுரிந்த ஜூலியை வாழ்க்கைத் துணையாக ஏற்றார். பிள்ளைகள் பெருகினர், வருவாய் பெருகவில்லை.

1870-இல் பிரஷ்யப் படையெடுப்பு நேர்ந்தது. குடும்பத்துடன் லண்டனுக்குச் சென்றவர் மறு ஆண்டு திரும்பியபோது, லூவ்சியென் ஊரிலிருந்த அவரது வீடு எதிரிப் படையினரால் சூறையாடப்பட்டுக் கிடந்தது. இருபது ஆண்டு உழைப்பில் உருவான ஏறத்தாழ 1,500 படைப்புகளில் எஞ்சியவை நாற்பது அளவே! ஆயினும் லண்டனில் ஒரு நன்மையும் விளைந்திருந்தது. துரான்-ருயேல் என்னும் ஓவிய வணிகரின் அறிமுகம் அங்கேதான் கிடைத்தது.

1874-இல் நண்பர்களுடன் சேர்ந்து முதல் கண்காட்சியை நடத்தினார். விமரிசகர்கள் பலர் எள்ளி நகையாடினர். அதே ஏப்ரல் மாதத்தில் அவருடைய சிறு மகள் மின்னெத் நோயுற்று இறந்தாள். துயரத்தோடு தூரிகையைத் தூக்கி எறியாமல், அக்குழுவின் எட்டுக் கண்காட்சிகளிலும் பங்கேற்ற ஒரே ஓவியர் என்னும் பெயரை அவர் பெற்றார்.

பெரிய ஓவியங்கள் விலை போகாதபோது, எளிதில் விற்கக் கூடிய விசிறிகளின் மீதும் ஓவியம் தீட்டினார். 1882-இல் பிரெஞ்சு வங்கியொன்று வீழ்ந்தபோது, அதன் கடனுதவியை நம்பியிருந்த துரான்-ருயேலும் தடுமாறினார். ஓவியரின் வருவாயும் சுருங்கியது. ஜூலி காய்கறி பயிரிட்டும், கோழியும் முயலும் வளர்த்தும் பிள்ளைகளின் பசியாற்றினார். அந்த ஓவியங்களின் பின்னே இந்தத் தாயின் உழைப்பும் இருக்கிறது என்பதை மறவாதீர்கள்.

சட்டம் பற்றிய அவரது கருத்தும் அறியத் தக்கது. பொன்முலாம் பூசிய வேலைப்பாடுமிக்க சட்டங்களையே அன்றைய செல்வந்தர்கள் விரும்பினர். பொன்னின் மஞ்சள் ஒளி, இளநீலத்தையும் வெளிர்பச்சையையும் அமுக்கிவிடும். ஆகவே 1877-ஆம் ஆண்டுக் கண்காட்சியில் பிஸ்ஸாரோ வெள்ளைச் சட்டங்களைப் பயன்படுத்தினார். ஓவியத்தின் முதன்மை நிறத்துக்கு எதிர்நிறத்தைச் சட்டத்துக்குத் தீட்டியும் பார்த்தார். இல்லத்தில் மாட்ட ஓவியம் வாங்கும் அன்பர்களே, சட்டம் ஓவியத்துக்குப் பணிபுரிய வேண்டும், அதனுடன் போட்டியிடலாகாது.

ஆசிரியராகவும் அவர் உயர்ந்து நின்றார். கருமையான வண்ணத்தைத் தடிப்பாக அப்பிவந்த செஸான், பொந்துவாஸ் ஊரில் அவர் அருகில் நின்று பழகியபின் ஒளிமிக்க வண்ணங்களையும் சிறு தீற்றல்களையும் கைக்கொண்டார். பங்குச் சந்தையில் பணியாற்றிய கொகேனும் அவரிடம் பயின்றார். ஒரு மூலையை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடாமல், வானம், நீர், மரம், நிலம் அனைத்தையும் ஒருங்கே வளர்த்துச் செல்ல வேண்டும் என்பது அவர் கற்பித்த முறை. அவர் புதல்வர் ஐவரும் ஓவியராயினர்.

கற்பித்தவர் கற்பதையும் நிறுத்தவில்லை. 55-ஆம் வயதில், தம்மினும் 29 ஆண்டுகள் இளையவரான சியூராவின் புள்ளி ஓவிய முறையைப் பயின்றார். வாங்குவோர் அதை விரும்பவில்லை; வேலையும் மெதுவாகவே நகர்ந்தது. சில ஆண்டுகளுக்குப்பின், தம் உணர்ச்சிக்கு அது ஒத்துவராதெனத் தெளிந்து கைவிட்டார்.

1892-இல் துரான்-ருயேல் நடத்திய பெருங்காட்சி வெற்றி பெற்றது. எராஞியில் குடியிருந்த வீட்டை அவ்வாண்டு சொந்தமாக்கிக் கொள்ள, நண்பர் மோனே கடன் கொடுத்து உதவினார். அப்போது பிஸ்ஸாரோவுக்கு வயது 62. கண்நோய் வாட்டியதால், முதுமையில் விடுதிச் சன்னல்களுக்குப் பின்னே அமர்ந்து பாரிஸ் வீதிகளைத் தீட்டினார். 1903-இல் மறைந்தார். அந்த வீதி ஓவியங்களுள் ஒன்று 2014-இல் லண்டன் ஏலத்தில் ஏறத்தாழ 2 கோடி பவுண்டுக்கு விலைபோயிற்று.

உங்கள் பிள்ளை வண்ணப் பெட்டி கேட்டால் மறுக்காதீர்கள். அத்துடன், படைத்ததைக் காப்பதற்கும் விற்பதற்கும் பிறருக்கு உரைப்பதற்கும் கற்றுக் கொடுங்கள். வீட்டுச் செலவு தெரிந்த கலைஞனே நெடுநாள் கலையில் நிலைப்பான்.