தொழிலகப் பயிற்சியும் மாணவர் ஆயத்தமும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது என்பது முதுமொழி. நூலிற் கற்றதைத் தொழிற்களத்திற் கண்டு தெளியாத கல்வி முற்றுப்பெறாது என்பதே அதன் கருத்து. அக்குறையை நீக்கும் பொருட்டு ஏற்பட்டதே மாணவர்க்குரிய தொழிலகப் பயிற்சி.

இம்முறைக்கு ஒரு வரலாறுண்டு. ஐக்கிய அமெரிக்காவின் சின்சினாற்றிப் பல்கலைக் கழகத்திலே, ஏர்மன் சினைடர் என்னும் பேராசிரியர் 1906 ஆம் ஆண்டிற் பொறியியல் மாணவர் 27 பேரைக் கொண்டு ஒரு புதுமுறையைத் தொடக்கினார். அம்மாணவர் வகுப்பறையிலும் தொழிற்சாலையிலும் மாறி மாறிப் பயின்றனர். கனடாவின் வாட்டர்லூப் பல்கலைக் கழகமும் 1957 இல் அம்முறையைக் கைக்கொண்டது. இலங்கையிற் பயிலுநர் பயிற்சிக்கென 1971 இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 1990 ஆம் ஆண்டின் சட்டத்தால் தேசிய பயிலுநர், கைத்தொழிற் பயிற்சி அதிகார சபை அமைந்தது. பல்கலைக் கழகப் பொறியியல் மாணவர் பட்டம் பெறுமுன் தொழிலகங்களிற் பயிற்சி பெறுதல் இன்று கல்வியின் ஒரு கூறாகவே விளங்குகின்றது.

பயிற்சிக்குரிய இடத்தைத் தேடுதலே அப்பயிற்சியின் முதற்பாடமாகும். உயர்பதவியில் உற்றார் ஒருவர் உள்ள மாணவர்க்கு இடம் எளிதிற் கிட்டலாம். தொலைவிலுள்ள ஊரிலிருந்து வரும் மாணவர்க்கு அவ்வாய்ப்பு இல்லை. எனினும் பரிந்துரை வாயிலைத் திறக்குமேயன்றி, உள்ளே பணியைச் செய்து தராது. ஆகவே, பல மாதங்களுக்கு முன்னரே தம் துறைக்குரிய நிறுவனங்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றும் யாது செய்கின்றது, அங்குத் தாம் கற்கத்தக்கது யாது என ஆராய்தல் வேண்டும். இவ்வாராய்ச்சிக்கு உறவினர் துணை வேண்டுவதில்லை, உழைப்பே போதும்.

அடுத்தது விண்ணப்பம். "எப்பணியாயினும் செய்வேன்" என்னும் வாக்கியம் பணிவுடையதாயினும் பயனற்றது; விண்ணப்பதாரி எதனை அறிவார் என்பதை அது கூறவில்லை. நுண்மானித் திருகுக்கணிச்சியால் அளக்கத் தெரியும், பொறிப்படம் வாசிக்கத் தெரியும் எனத் தெளிவாக எழுதுவோரின் விண்ணப்பமே கருத்தைக் கவரும். எழுதியவை யாவும் உண்மையாதல் வேண்டும். நேர்முகப் பரீட்சையில் வினாக்கள் பெரும்பாலும் அவ்வெழுத்திலிருந்தே எழும். தாம் செய்ததாகக் கூறிய ஆய்வொன்றை விளக்க இயலாது திகைப்பவர், ஏனைய தகுதிகளிலும் ஐயம் எழச்செய்வர்.

இடம் கிடைத்த பின்னும் ஆயத்தம் முடிவதில்லை. பயிற்சிக் காலம், மேற்பார்வை செய்பவர், கொடுப்பனவு உண்டா என்பன எழுத்தில் அறியப்படல் வேண்டும். வெளியூரில் உணவுக்கும் உறையுளுக்கும் ஆகும் செலவைக் கணியாது புறப்பட்ட மாணவர், இடைநடுவிற் பயிற்சியைக் கைவிட நேரலாம். பாதுகாப்பு விதிகளையும் முன்னரே கற்றல் நன்று. சுழலும் கடைசல் இயந்திரத்தின் முன் தளர்ந்த சட்டைக்கை ஒன்றே பெருந்தீங்கு விளைக்கவல்லது.

முதல் வாரங்களிற் சிறுபணிகளே அளிக்கப்படலாம். பண்டசாலையிற் பொருள்களை எண்ணும் மாணவரும், எப்பொருள் விரைவில் தீர்கின்றது, எதனால் வேலை தடைப்படுகின்றது என வினவின், அங்கேயே தொழில் நிருவாகத்தைக் கற்கலாம். அன்றன்று கண்டதை அன்றன்றே படத்துடன் நாட்குறிப்பில் எழுதுதல் வேண்டும். ஒரு மாத வேலையை ஓரிரவில் எழுதும் குறிப்பு எவர்க்கும் பயன்படாது. நெடுங்காலம் கைத்தொழில் பழகிய தொழிலாளரிடம் பணிவுடன் கேட்போர், நூல்கள் கூறாத பலவற்றை அறிவர்.

ஆயினும் இப்பொறுப்பு மாணவரை மட்டும் சார்ந்ததன்று. விண்ணப்பம் எழுதும் முறையை ஆசிரியர் வகுப்பறையிலேயே பழக்கலாம். நிறுவனங்களிற் பணிபுரியும் பழைய மாணவர், அறிந்தவர் பிள்ளைக்கு மட்டுமன்றி, அறியாத ஊரிலிருந்து வரும் தகுதியுள்ள மாணவருக்கும் வாயிலைத் திறத்தல் வேண்டும். தாம் கல்வி பெற்ற கல்லூரிக்கு அவர் செலுத்தத்தக்க கடன் இதனினும் பிறிதொன்றில்லை.