தெரு நுழையும் கோபுரங்கள்

ஸ்பெயினின் கிழக்கே, அரகோன் பகுதியில், தெருவேல் என்றொரு மலைநாட்டு மாகாணம். அதன் தலைநகருக்கும் அதே பெயர்தான். நகரின் பழைய பகுதியில் நடந்து போனால், தெருவே ஒரு கோபுரத்துக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வரும். கீழே வளைவு வாசல். மேலே ஏறத்தாழ 40 மீட்டர் உயரத்துக்குச் செங்கல் வேலைப்பாடு. உச்சியில் தேவாலய மணி. இடம் நெருக்கடியான ஊரில் கோபுரமும் வேண்டும், வழியும் வேண்டும் என்றால் வேறென்ன செய்வது?

எல் சால்வதோர், சான் மார்ட்டின், சான் பெத்ரோ, பேராலயம் என நான்கு இடங்களில் இத்தகைய கோபுரங்கள் நிற்கின்றன. நான்குமே கிறிஸ்தவர்களின் மணிக்கோபுரங்கள்தான். ஆனால் எல் சால்வதோர், சான் மார்ட்டின் கோபுரங்களின் கட்டுமானம் மசூதி மினாரின் வழியில் வந்தது. பெட்டிக்குள் பெட்டி வைத்ததுபோல் ஒரு கோபுரத்துக்குள் இன்னொன்று. உள்கோபுரத்துக்கும் வெளிக்கோபுரத்துக்கும் நடுவே உள்ள இடுக்கில் படிக்கட்டு சுற்றிச் சுற்றி மேலேறும்.

இந்தக் கலப்புக்குக் காரணம் வரலாற்றில் இருக்கிறது. அரகோன் மன்னர் இரண்டாம் அல்போன்சோ 1171இல் இந்த ஊரைக் கைப்பற்றினார். ஆட்சி மாறியது, தச்சரும் கொத்தரும் குயவரும் மாறவில்லை. கிறிஸ்தவ அரசரின் கீழ் வரி கட்டிக்கொண்டு, தம் மார்க்கத்திலேயே நீடித்த முஸ்லிம்களை முதேகார்கள் என்பார்கள். செங்கல், ஜிப்சம், மரம் ஆகியவற்றில் கைதேர்ந்தவர்கள் அவர்கள். தேவாலயம் எழுப்ப நினைத்த ஊராருக்கு, கையருகே இருந்த பொருள்களும் இவைதான், தொழில் தெரிந்த ஆட்களும் இவர்கள்தான்.

சுவரை நெருங்கிப் பார்த்தால்தான் கைவேலை புரியும். ஒன்றோடொன்று பின்னிய வளைவுகள், எட்டு முனை நட்சத்திரங்கள் எல்லாமே செங்கற்களை முன்னும் பின்னும் தள்ளி அடுக்கியே வரையப்பட்டவை. இடையிடையே மெருகேற்றிய ஓட்டு வட்டங்களும் சிறு உருளைகளும் பதித்திருக்கிறார்கள். வெயில் பட்டால் அவை மின்னும். பச்சை நிறம் செம்பிலிருந்து வந்தது. பழைய கோபுரங்களில் உள்ள ஊதா, மாங்கனீசிலிருந்து.

வெளிச்சத்தை நம்பிய இந்த அழகுக்கு அடித்தளம்தான் பிரச்சினை. 1315–16இல் கட்டிய சான் மார்ட்டின் கோபுரத்தின் அடிப்பகுதி இரு நூற்றாண்டுகளுக்குப் பின் சிதையத் தொடங்கியது. பிரெஞ்சுக்காரரான பியர் வெதெல் 1550ஐ ஒட்டி அதைப் பலப்படுத்தி நிறுத்தினார். ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்த வளைவுப் பாலத்தைக் கட்டியவரும் அவரே. ஒரே பெண்ணுக்காகப் போட்டி போட்டுக் கோபுரம் கட்டிய இரு முஸ்லிம் கலைஞர்கள் கதையை வழிகாட்டிகள் தவறாமல் சொல்வார்கள். கேட்க நன்றாயிருக்கும், ஆதாரம் கேட்கக் கூடாது.

கோபுரங்களைவிட ஒரு படி மேலானது பேராலயத்தின் மரக்கூரை. 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. 32 மீட்டர் நீளம். ஒட்டவைத்த அலங்காரமல்ல, மேற்கூரையின் பாரத்தைத் தாங்கும் சட்டமே ஓவியமாகியிருக்கிறது. அரசர்கள், குதிரை வீரர்கள், இசைக்கலைஞர்கள், விசித்திர மிருகங்கள். அவர்களோடு சரிசமமாக, மரம் அறுக்கும் தச்சர், வாய்ச்சியால் செதுக்கும் தச்சர். கட்டியவர்கள் கல்வெட்டில் பெயர் பொறிப்பதற்குப் பதிலாகத் தங்கள் வேலையையே வரைந்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றுதான் தோன்றுகிறது. பிற்காலத்தில் ரசனை மாறியபோது இதன் கீழே வேறொரு விதானத்தைக் கட்டி மறைத்துவிட்டார்கள். அந்த அலட்சியமே இதற்குக் கவசமாயிற்று. என்றாலும் 1937–38 குளிர்காலத்தில் உள்நாட்டுப் போர் நகரத்தைச் சின்னாபின்னமாக்கியபோது கூரையும் அடிபட்டது, பின்னர் சீரமைத்தார்கள்.

கட்டிய சமூகத்துக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. 1526இல் அரகோன் முஸ்லிம்கள் கட்டாய மதமாற்றத்துக்கு ஆளானார்கள். மாறியவர்களின் வாரிசுகளையும் 1610இல் நாட்டைவிட்டே துரத்தினார்கள். தெருவேலின் முதேகார் கட்டடங்களை யுனெஸ்கோ 1986இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 2001இல் அரகோனின் பிற ஊர்க் கட்டடங்களையும் சேர்த்துக்கொண்டது.

ஸ்பெயின் போகிறவர்கள் அல்ஹம்ப்ரா அரண்மனையோடு திரும்பிவிடுகிறார்கள். சரகோசாவிலிருந்து வலென்சியா செல்லும் ரயில் தெருவேலில் நிற்கும். இறங்கி, எல் சால்வதோர் கோபுரத்தின் 122 படிகளையும் ஏறிப் பாருங்கள்.