சவுலின் கவசம்

கோலியாத்தை எதிர்க்கப் புறப்பட்ட இளைஞன் தாவீதுக்கு மன்னன் சவுல் தன் கவசத்தையே அணிவித்தான். நல்லெண்ணத்தில் குறையில்லை, ஆயினும் அதை அணிந்து நடக்க இயலாமல் தாவீது கழற்றி வைத்துவிட்டான். இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள நம் பங்குகளிலிருந்து வேலைக்குச் செல்லும் தாய்மாரைக் காணும்போது இந்நிகழ்ச்சியே நம் நினைவுக்கு வருகிறது.

சேலையின்மேல் கணவனின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு கட்டட வேலைக்குச் செல்லும் பெண்களை அறியாதார் யார்? அது அவர்களே கண்டுகொண்ட காப்புடை. வேலை கொடுப்போர் ஏதேனும் வழங்கினாலும் அது பெரும்பாலும் ஆணின் அளவே. விரல் நுனியில் தொங்கும் கையுறை பிடியைத் தளர்த்தும். சுழலும் எந்திரத்தில் சிக்கினாலோ கையையே இழுத்துக்கொள்ளும். முகக்கவசத்தின் கதை இன்னும் கொடியது. கன்னத்தோடு ஒட்டாவிடில், காற்று வடிகட்டியை விட்டு இடைவெளி வழியாகவே நுழையும். 2023 டிசம்பர் 26 இரவு கடலடிக் குழாயிலிருந்து கசிந்த அம்மோனியாவால் மூச்சுத் திணறிய எண்ணூர் மக்களுக்கு, நச்சுக்காற்று நுழைய எவ்வளவு சிறிய வழி போதும் என்று நாம் விளக்க வேண்டியதில்லை.

சட்டம் இதனை அறியாததன்று. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், ஓடும் எந்திரத்தைச் சோதிக்கும் ஆண் தொழிலாளிக்கு உடலோடு இறுகிய உடையை ஆலையினரே அளிக்க வேண்டும் என்றது. பெண்ணுக்கோ ஓடும் எந்திரத்தைத் துடைக்கவும் எண்ணெயிடவும் சரிசெய்யவும் தடை விதித்தது. அவளைக் காத்தது நன்றே. ஆனால் அவளுக்கும் ஓர் உடை தைக்கலாம் என்ற எண்ணம் எழவில்லை.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 2019 மார்ச்சில் விண்வெளி நிலையத்திற்கு வெளியே இரு பெண்கள் ஒன்றாய்ப் பணியாற்றவிருந்தனர். இருவருக்கும் பொருந்தும் நடுத்தர அளவில் ஒரே உடைதான் ஆயத்தமாயிருந்தது. ஆகவே ஒருவருக்குப் பதிலாக ஆண் ஒருவர் சென்றார். இரு பெண்கள் சேர்ந்து வெளியே சென்றது அக்டோபர் 18இல்தான்.

பெண் தனக்கே உரியதை இழந்து முன்னேற வேண்டிய நிலை வராதவாறு வேலையே அமைய வேண்டும் என்று, உழைப்பைப் பற்றிய 1981ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் கற்பித்தார். அதை நாம் கையுறைக்கும் பொருத்தினால் அவர் கோபிக்கமாட்டார்.

நம் மாதர் சங்கங்கள் ஒன்று செய்யலாம். கட்டைவிரலை விட்டு உள்ளங்கையைச் சுற்றி நாடாவால் அளந்து, பாத அளவையும் சேர்த்து, வேலைக்குச் செல்லும் ஒவ்வொருவருக்கும் சீட்டில் எழுதிக் கொடுக்கலாம். மேற்பார்வையாளர் அடுத்த முறை வாங்கும்போது அச்சீட்டு அவர் கையில் இருக்கட்டும்.