'சிண்டாக்ஸ் ஓகே' என்று வந்தால் போதுமா? கான்ஃபிக் ஃபைல் பிழைகளைப் பிடிப்பது எப்படி?

2025 நவம்பர் 18, இந்திய நேரப்படி மாலை 4:50. சாட்ஜிபிடி, எக்ஸ் உள்பட பல தளங்கள் உலகம் முழுக்கத் தடுமாறின. ஹேக்கிங் எதுவும் இல்லை. இந்தத் தளங்களுக்கு முன்னால் நிற்கும் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் சர்வர்களுக்குப் போன ஒரே ஒரு ஃபைல்தான் காரணம்.

பாட்களை அடையாளம் காண உதவும் ஃபைல் அது. டேட்டாபேஸ் அனுமதியில் செய்த மாற்றத்தால், அதில் ஒரே விவரம் மறுபடியும் பதிவாகி அளவு இரட்டிப்பானது. அதைப் படிக்கும் மென்பொருளின் வரம்பு 200 அம்சங்கள். வரம்பு தாண்டியதும் மென்பொருள் நின்றுபோனது.

ஆனேக்கல் தாலுகாவில் உள்ள எலக்ட்ரானிக் சிட்டியில் சர்வர் பார்த்துக்கொள்ளும் ஒருவருக்கும் இதில் பாடம் இருக்கிறது.

டெஸ்ட் எதைப் பிடிக்கும்?

என்ஜின்எக்ஸில் '-டி', அப்பாச்சியில் 'கான்ஃபிக்டெஸ்ட்' என்று சோதனைக் கட்டளைகள் உண்டு. விட்டுப்போன அரைப்புள்ளி, மூடாத அடைப்புக்குறி, தப்பாக அடித்த வார்த்தை எல்லாம் இதில் மாட்டிக்கொள்ளும். என்ஜின்எக்ஸ் சோதனை, ஃபைலில் குறிப்பிட்ட எஸ்எஸ்எல் சான்றிதழ் அந்த இடத்தில் இல்லாவிட்டாலும் சொல்லிவிடும்.

ஒரு சின்ன விஷயம்: 12-வது வரியில் அரைப்புள்ளி விட்டுப்போனால், பிழைச் செய்தி 13-வது வரியைக் காட்டலாம். அதனால் மேலே உள்ள வரியையும் பாருங்க.

எதைப் பிடிக்காது?

அர்த்தத்தை. உங்க அப்ளிகேஷன் 8080 போர்ட்டில் ஓடுகிறது, ஃபைலில் 8008 என்று இருக்கிறது என வைத்துக்கொள்வோம். இலக்கணம் சரி, டெஸ்ட் பாஸ். ஆனா பயனருக்கு வருவதோ '502 பேட் கேட்வே'.

அப்போ என்ன செய்யலாம்?

* முதலில் டெஸ்ட். பிறகு ரீஸ்டார்ட் வேண்டாம், ரீலோட் போதும். புது ஃபைலில் பிழை இருந்தால் என்ஜின்எக்ஸ் பழைய அமைப்பிலேயே தொடர்ந்து ஓடும். ரீஸ்டார்ட் செய்தால், நின்ற சர்வர் திரும்ப எழாமல் போகலாம்.
* ரீலோட் ஆனதும் முக்கியமான பக்கங்களைத் திறந்து, 200 பதில் வருகிறதா என்று பாருங்க.
* பல சர்வர்கள் இருந்தால் முதலில் ஒன்றில் மட்டும் மாற்றுங்க.
* ஃபைல்களை கிட்டில் வையுங்க. பழைய நிலைக்குத் திரும்ப நிமிடங்கள் போதும்.

மனிதர் எழுதியதோ, ஸ்கிரிப்ட் உருவாக்கியதோ, எல்லா ஃபைலுக்கும் இதே விதிதான். கிளவுட்ஃபிளேரைச் சாய்த்தது அதன் சொந்த சிஸ்டமே தயாரித்த ஃபைல். இனி அத்தகைய ஃபைல்களையும் வெளியாட்கள் தரும் தரவைப் போலவே சந்தேகத்தோடு சோதிப்போம் என்று அந்த நிறுவனம் அறிவித்தது.