வறண்ட காலத்துத் தோட்டம்

மரஞ்செடி கொடிகளைத் தொல்காப்பியர் ஓரறிவுயிர் என்று வகுத்தார். நீர் வற்றினால் விலங்கு வேறு நீர்நிலையை நாடிச் செல்லும். பறவை பறந்து செல்லும். மனிதன் குடத்தை எடுத்துக்கொண்டு புறப்படுவான். மரமோ நின்ற இடத்திலேயே நின்று, தன் வேர் எட்டிய அளவில் கிடைப்பதைக் கொண்டே உயிர் வாழ வேண்டும். ஆதலின் வறட்சிக் காலத்தில் வீட்டுத் தோட்டத்தைக் காக்கும் கடமை, அதனை நட்டு வளர்த்தவரையே சார்ந்ததாகும்.

தமிழ்நாட்டில் வறட்சி அரிய நிகழ்ச்சி அன்று. 2018-ஆம் ஆண்டு சென்னைப் பகுதியில் வடகிழக்குப் பருவமழை குறைந்தது. அடுத்த கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டன. 2019-ஆம் ஆண்டு சூலை 12-ஆம் நாள், சோலையார்பேட்டையிலிருந்து 50 பெட்டிகள் கொண்ட புகைவண்டி 25 இலட்சம் லிட்டர் நீரைச் சென்னைக்குச் சுமந்து வந்தது. குடிநீரே இவ்வாறு வரும் காலத்தில் செடிக்கும் நீர் வேண்டுமெனக் கேட்பது முறையாகுமா? முறையே ஆகும். ஆனால் அந்நீரில் ஒரு துளியும் வீணாகாதிருத்தல் வேண்டும்.

செடிக்கு விடும் நீர் எங்கே போகிறது? ஒரு பகுதியை வெயில் மண்ணிலிருந்தே கவர்ந்து கொள்கிறது. ஒரு பகுதியைக் களை பருகுகிறது. எஞ்சியதே வேருக்குக் கிட்டுகிறது. வேர் பருகியதிலும் பெரும்பகுதி இலைத்துளைகளின் வழியே ஆவியாகி வெளியேறுகிறது. இவ்விழப்புகளைக் குறைத்தால் குறைந்த நீரே செடிக்குப் போதுமானதாகும்.

வாயிலில் நீர் தெளிப்பர், வயலுக்குப் பாய்ச்சுவர், செடிக்கு ஊற்றுவர். ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொரு செயலைக் குறிக்கும். தெளித்தல் புழுதியை அடக்குமேயன்றி வேரைச் சென்று சேராது. நாள்தோறும் சிறிது சிறிதாகத் தெளித்தால் மேல்மண் மட்டுமே நனையும். அவ்வீரத்தை நாடி வேரும் மேலேயே படரும். ஒருநாள் நீர் தவறினாலும் செடி துவண்டுவிடும். அதே நீரைச் சேர்த்துச் சில நாட்களுக்கு ஒருமுறை மெல்ல ஊற்றினால் அது ஆழத்தில் இறங்கும். வேரும் அதனைத் தொடர்ந்து இறங்கும். நீர் ஊற்ற வெயிலில்லாத அதிகாலையும் மாலையுமே ஏற்றவை. வளர்ந்த மரத்திற்கு அடிமரத்தை ஒட்டி நீர் ஊற்றுதல் பயன்படாது. நீரை உறிஞ்சும் இளவேர்கள் மிகுதியும் கிளைகளின் நிழல் விழும் எல்லையருகே உள்ளன. ஆங்கே வட்டமாக வரப்புக் கட்டி ஊற்றுதல் வேண்டும்.

ஊற்றிய நீரை வெயிலிலிருந்து காப்பது மூடாக்கு. களைகளைப் பறித்துவிட்டுச் சருகு, வைக்கோல், காய்ந்த புல் முதலியவற்றை 5 முதல் 10 சென்டிமீட்டர் கனத்திற்குப் பரப்பினால், மண் சூடேறாது. ஈரமும் நெடுநாள் நிற்கும். தண்டை ஒட்டி மட்டும் சிறிது இடம் விடுதல் வேண்டும்; இல்லையேல் தண்டு அழுகக்கூடும். குப்பையென்று கொளுத்தப்படும் சருகே செடிக்குக் குடையாகிறது.

தென்னை வறட்சியைத் தாங்குவது போலத் தோன்றினும், குரும்பைகளை உதிர்த்துவிடும். ஓராண்டு வறட்சியின் தீங்கு அடுத்து வரும் ஆண்டுகளின் காய்ப்பிலும் புலப்படும். மரத்திலிருந்து ஒன்றரை மீட்டர் தொலைவில், 30 சென்டிமீட்டர் அகலமும் 60 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள வட்டக் குழி எடுத்து, அதனுள் தேங்காய் மட்டைகளைக் குழிந்த பக்கம் மேல்நோக்க அடுக்கி மண்ணால் மூடுவர். மட்டை நீரை உறிஞ்சி வைத்துச் சிறுகச் சிறுக வேருக்கு ஈயும்.

இளங்கன்றுக்குப் பானைமுறை சிறந்தது. மெருகிடாத மட்பானையைக் கன்றின் அருகே கழுத்தளவு புதைத்து, நீர் நிரப்பி மூடிவைத்தல் வேண்டும். சுற்றியுள்ள மண் உலர்ந்தபோது நீர் பானையின் சுவர் வழியே கசியும். மண் நனைந்தபோது கசிவு தானே குறையும். செடிக்கு வேண்டும் அளவைச் செடியின் மண்ணே கேட்டுப் பெறுகிறது. ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்பே சீன நாட்டு வேளாண் நூல் ஒன்று இம்முறையைக் கூறியுள்ளது.

சமையலறையில் அரிசி களைந்த நீரும் காய்கறி கழுவிய நீரும் செடிக்கு உரியவை. சலவைச் சோடா கலந்த நீரும் உப்பு நீரும் ஆகா. அவை தொடர்ந்து சேரின் மண் கெடும், செடி கருகும். வறட்சியில் உரமிடுதலும் தகாது. உரத்தால் தளிர் பெருகும். தளிர் பெருகினால் தாகமும் பெருகும்.

இவ்வளவு செய்தும் எல்லாச் செடிகளையும் காக்க இயலாத நிலை வரலாம். அப்போது எதைக் காப்பது, எதை விடுவது என்று துணிதல் வேண்டும். கத்தரியும் வெண்டையும் கீரையும் ஒரு பருவத்துப் பயிர்கள். மழை பெய்தபின் மீண்டும் விதைக்கலாம். ஒரு மாங்கன்று பட்டுப்போயினோ, அத்துடன் பல ஆண்டு உழைப்பும் போகும். வேர் ஊன்றாத கன்றுக்கு முதல் நீரும், கனிமரத்திற்கு அடுத்த நீரும் உரியன. ஆழ வேரோடிய முதிய வேம்பு பெரும்பாலும் தன்னைத் தானே காத்துக்கொள்ளும். நண்பகலில் தலைசாய்ந்து மாலையில் நிமிரும் செடி சற்றுப் பொறுக்கும். விடியற்காலையிலும் தலைசாய்ந்து நிற்கும் செடியோ இனிப் பொறுக்காது. அதற்கு உடனே நீர் ஊற்றுதல் வேண்டும்.

‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்பது பழமொழி. ஆறு நிறைந்தபோதே அளவு வேண்டுமெனின், ஆறு வறண்டபோது அதன் தேவையைச் சொல்லவும் வேண்டுமோ? மழை ஒருநாள் பெய்யும். அன்று, ஒரு குடம் நீருக்காகக் கட்டிய அதே வரப்பு வானம் தரும் நீரையும் தேக்கி நிறுத்தும். வறட்சியில் கற்ற சிக்கனம் வளம் வந்தபோதும் மறக்கத் தக்கதன்று.