திங்கள், புதன், சனி: பங்கிடப்படாத பாக்குக் கடல்

நாம் வகுப்பறையில் இலங்கைப் படம் வரையக் கற்பித்த காலத்தில், வெண்கட்டி கரைக்கோட்டோடு நின்றுவிடும். அதற்கு வெளியே "பாக்கு நீரிணை" என்று எழுதுவோம். மற்றப்படி அது வெறுங் கரும்பலகையே. கடலோரத்துப் பிள்ளைகளுக்கு அந்த வெறுமை வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். அவர்களின் தகப்பன்மாருக்குக் கடல் என்பது பாடுகளாகவும் பார்களாகவும் பகுக்கப்பட்ட காணி. கரைவலை இழுக்கும் பாட்டில் ஒருவரின் வலை கரையேறிய பின்னரே அடுத்தவர் வளைக்கலாம். முறை தவறினால் ஊர் கேட்கும்.

இன்று "கடல்வெளித் திட்டமிடல்" எனப் பேசப்படுவது இந்த வழக்கத்தின் விரிவே. எந்த இடத்தில், எக்காலத்தில், எந்தக் கருவியால், யார் தொழில் செய்வது என்பதை அக்கடலை நம்பி வாழ்வோரே கூடி வகுத்துக்கொள்வதே அது. கரிபியன் தீவான சென் லூசியாவின் சூஃப்ரியர் என்னும் ஊரில் இதனைச் செய்து பார்த்தார்கள். அங்கே மீனவரும் சுழியோடிகளும் உல்லாசப் படகினரும் ஒரே கரைக்காக மோதிக்கொண்டிருந்தனர். நீண்ட பேச்சின் பின் 1995இல், ஏறத்தாழ 11 கிலோமீற்றர் கரையோரக் கடலை மீன்பிடிக்கு முன்னுரிமையுள்ள பகுதி, மீன்பிடி தடுக்கப்பட்ட பகுதி, படகுகள் தங்கும் பகுதி என்றவாறு பிரித்தனர். இடமிழந்த மீனவர் முறையிட்டனர்; உதவிப்பணம் கொடுக்கவும் எல்லைகளை மீண்டும் பேசவும் வேண்டியிருந்தது. ஆயினும், ஐந்தாண்டுகளுக்குள் ஒதுக்கிடங்களை அடுத்த கடலில் சிறு மீனவரின் பிடி 46 முதல் 90 வீதம் வரை கூடியதாக 2001இல் வெளியான ஆய்வொன்று கண்டது.

எமது கடலின் கதை வேறு. ஆழங் குறைந்த பாக்கு விரிகுடாவின் இரு கரையிலும் தமிழரே தொழில் செய்கின்றனர். 1974இல் டெல்லியும் கொழும்பும் அதன் நடுவே கோடு கீறின. ஒரு நாட்டவர் மற்ற நாட்டுக் கடலில் மீன்பிடிக்கலாகாது என 1976இல் இணங்கின. கச்சதீவு பேசப்பட்ட அளவுக்கு அப்போது மீன் பேசப்படவில்லை என்பதே எமது எண்ணம்.

இதற்கு முன்னரே இந்தியக் கரையில் தொழிலின் முகம் மாறத் தொடங்கியிருந்தது. 1950களில் நோர்வேயின் உதவியோடு கேரளத்தில் தொடங்கிய இயந்திரமயமாக்கம் பரவி, இறாலின் ஏற்றுமதி விலையால் ஊக்கம் பெற்று, இராமேசுவரம் பகுதியில் இழுவைப்படகுகளைப் பெருக்கியது. அடிநிலத்தை வழித்துச் செல்லும் இழுவைமடியும் நாட்டுப்படகின் வலையும் ஒரே இரவில் ஒரே கடலில் நிற்க முடியாது. மோதல் முற்றவே, 1970களின் பிற்பகுதியில் அங்கு ஓர் ஒழுங்கு பிறந்தது. திங்கள், புதன், சனி இழுவைப்படகுகளுக்கு. எஞ்சிய நான்கு நாட்களும் நாட்டுப்படகுகளுக்கு. இடத்தைப் பிரிக்க இயலாதவிடத்துக் காலத்தைப் பிரித்தார்கள். பல பத்தாண்டுகள் நிலைத்த நல்ல ஒழுங்கு அது.

ஆனால், அது வகுக்கப்பட்ட மேசையில் எமது கரைக்குக் கதிரை இருக்கவில்லை. 1983இன் பின் தடைவலயங்களும் இடப்பெயர்வும் வடபகுதியாரைக் கடலிலிருந்து விலக்கின. அவ்வெறுமையில் இழுவைப்படகுகள் எமது கரையை நோக்கி நகர்ந்தன. 2009இல் போர் முடிந்து மீண்டும் தொழிலுக்கிறங்கியவர்கள் அதே நாட்காட்டியை வேறுவிதமாக மனனஞ் செய்ய வேண்டியதாயிற்று. அந்த மூன்று இரவுகளில் விட்ட வலை விடியும்போது இராது. கடன்பட்டு வாங்கிய வலையைக் காப்பதற்காக வாரத்தில் மூன்று இரவு வீட்டிலிருக்கும் தொழிலாளியின் நிலையை எண்ணிப் பாருங்கள். தமிழகத்தில் ஏப்ரல் 15 முதல் 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடை. வடகடல் மூச்சு விடுவதும் அந்நாட்களிலேதான்.

மறுகரையை மட்டுங் குற்றஞ் சாட்டுவது எமக்கு உடன்பாடில்லை. இழுவைப்படகில் வருபவர் பெரும்பாலும் கூலியாள். முதலாளி கரையில் இருக்கிறார். கடலில் உயிரிழந்தவரும் சிறைப்பட்டவரும் தொழிலாளரே. நாட்டுப்படகு மீனவரின் முறைப்பாடும் எம்மவரின் முறைப்பாடும் ஒன்றே. குருநகரிலும் பேசாலையிலும் எம்மவரிடமே சிறு இழுவைப்படகுகள் இருந்தன என்பதையும் மறைப்பதற்கில்லை. 2017இல் இலங்கைப் பாராளுமன்றம் இழுவைமடியைத் தடைசெய்தபோது அவர்களும் அதற்குள் அடங்கினர்.

ஒருமுறை வழி திறந்தது. 2010 ஓகஸ்டில் வடபகுதி மீனவர் பிரதிநிதிகள் தமிழகஞ் சென்று, கரையோர ஊர்களைப் பார்த்து, சென்னையில் நேருக்கு நேர் பேசினர். ஓராண்டில் எமது கடலில் இழுவைமடியைக் கைவிடுவது, அதுவரை ஆண்டுக்கு 70 நாட்கள் மட்டும் வருவது என்று இணக்கங் கண்டனர். இரு கரையாரும் ஒரு மேசையில் இருந்து கடலை வகுத்தனர். அரசுகள் அதற்குச் சட்டவலு அளிக்கவில்லை. 2014இல் சென்னையிலும் கொழும்பிலும் மீண்டுங் கூடியபோது தமிழகத் தரப்பு மூன்றாண்டு அவகாசம் கேட்டது. ஏற்கெனவே நான்காண்டு காத்திருந்த எம்மவர் மறுத்தனர். 2016இல் இரு அரசுகளும் கூட்டுச் செயற்குழு அமைத்தன. பேச்சு அதிகாரிகளின் கைக்குப் போயிற்று.

2022இல் தமிழக அரசு பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீற்றர் பரப்பை ஆவுளியா எனப்படும் கடற்பசுவுக்கென ஒதுக்கியது. வரவேற்கத்தக்கதே. ஆனால் ஆவுளியா மேயும் கடற்புல் கோட்டின் இருபுறமும் வளர்கிறது.

இரு கரை மீனவரும் மீண்டும் கூடுவார்களாயின், எல்லைப்படத்துக்கு முன்பாக அந்த வாரநாட்காட்டியை மேசையில் விரிக்கட்டும். நெடுந்தீவாரும் பேசாலையாரும் தம் வலை அறுந்த கிழமைகளை அதிற் குறிக்கட்டும். பாம்பனின் நாட்டுப்படகுக்காரரிடமும் அதே பேனாவைக் கொடுக்கலாம்.