ஒரு மணி நேரமும் ஒற்றைக் கியரும்

சைக்கிள் பந்தய வகைகளுள் விதிகளால் மிக எளியதும் உடலுக்கு மிகக் கடியதும் 'ஒரு மணி நேரச் சாதனை' எனப்படும் முயற்சியாகும். எதிராளியோ அணியோ முடிவுக் கோடோ இல்லாத அதில், ஒருவர் வளையத் தளம் ஒன்றில் தனியாக அறுபது நிமிடங்கள் ஓட்டிக் கடக்கும் தொலைவு மட்டுமே கணக்கில் கொள்ளப்படுகிறது. 1893 மே 11 அன்று பாரிஸ் நகரத்துப் பஃபலோ தளத்தில் 35.325 கிலோமீட்டர் ஓட்டி இந்தச் சாதனைப் பட்டியலைத் தொடங்கிவைத்த ஆன்றி டெகிராஞ்ச், வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தராகப் பணியாற்றியவர்; பத்தாண்டுகளுக்குப் பின் 'டூர் டி பிரான்ஸ்' பந்தயத்தை நிறுவியவரும் அவரே. சாலைப் பந்தயத்தில் வெற்றி பெற ஒருவருக்கு அணியும் ஊதியமும் துணை வாகனங்களும் வேண்டும். இங்கோ வாடகைக்கு எடுத்த ஒரு தளமும், நேரம் குறிக்கும் நடுவர்களும், ஒரு சைக்கிளும் போதும். தொழிலாக அல்லாமல் ஆர்வத்தால் மட்டுமே ஓட்டும் அமெச்சூர் வீரர்கள், உலகின் தலைசிறந்த தொழில்முறை வீரர்களோடு ஒரே பட்டியலில் இடம்பெற முடிந்ததற்கு இந்த எளிமையே காரணம்.

வெலோட்ரோம் என்று வழங்கும் இத்தளம் இன்று பெரும்பாலும் 250 மீட்டர் சுற்றளவு கொண்ட மரப்பலகைத் தளமாக அமைகிறது. வளைவுகளில் வேகம் குறையாமல் திரும்புவதற்காக அதன் மேற்பரப்பு ஏறத்தாழ 42 பாகை வரை சரிவாக உயர்த்தப்பட்டிருக்கும். அங்கு ஓடும் சைக்கிளில் பிரேக் கிடையாது, மாற்றிக்கொள்ளக் கியர்கள் கிடையாது, மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரத்தைத் தடையின்றிச் சுழலவிடும் ஃப்ரீவீலும் கிடையாது. பின்சக்கரம் சுழலும்வரை பெடலும் சுழலுமாதலால், ஓட்டுபவரின் கால்களுக்கு ஒரு நொடியும் ஓய்வில்லை. முன் பல்சக்கரத்துக்கும் பின் பல்சக்கரத்துக்கும் உள்ள விகிதத்தை முன்கூட்டியே முடிவு செய்தாக வேண்டும். சிறிது பெரிதாகத் தேர்ந்தால் புறப்படும்போதே தொடை சோர்ந்துவிடும், சற்றே சிறியதாகத் தேர்ந்தால் கடைசி நிமிடங்களில் கால்கள் சுழலும் வேகத்துக்கு மூச்சு ஈடுகொடுக்காது.

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்ப்படும் தடையில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு காற்றினால் வருவது. அதிலும் பெரும்பகுதியை உண்டாக்குவது ஓட்டுபவரின் உடலே. காற்றை வெல்லத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக உயர்வதால், 50 கிலோமீட்டரை 51 ஆக்குவதற்கு ஏறக்குறைய 6 விழுக்காடு கூடுதல் திறன் வேண்டும். கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில், காற்றின் அடர்த்தி குறைந்த மெக்சிகோ நகரத்தில் பெல்ஜியத்தின் எடி மெர்க்ஸ் 1972இல் 49.431 கிலோமீட்டரும், ஆரமற்ற தட்டுச் சக்கரங்களைப் பூட்டிய இத்தாலியின் பிரான்செஸ்கோ மோசர் 1984இல் 51.151 கிலோமீட்டரும் எட்டியதன் பின்னணி இதுவே. ஆயினும் உயரமான ஊருக்குச் செல்லாமல், உடலின் வடிவத்தையே மாற்றிக் காற்றை ஏய்க்கலாம் என்பதை மெய்ப்பித்தவர் எந்தத் தொழில்முறை அணியையும் சாராத ஒருவர்.

ஸ்காட்லாந்தின் ஏர்ஷயர் பகுதியில் வளர்ந்த கிரேம் ஒப்ரீ, சைக்கிள் கடை நடத்தி அதில் நலிவுற்றவர். 'ஓல்டு ஃபெய்த்ஃபுல்' என்று பெயர்பெற்ற சைக்கிளை அவர் தம் கையாலேயே கட்டினார். பெடல்களுக்கு இடையே உள்ள அகலம் மிகுதியாக இருப்பதால் கால்கள் இயல்பாக இயங்குவதில்லை என்று உணர்ந்து, பெடல் அச்சைக் குறுக்கினார். குறுக்கிய பின் முழங்கால்கள் சட்டத்தின் மேற்குழாயில் இடிக்கும் என்பதால் அந்தக் குழாயையே நீக்கினார். மிக வேகமாகச் சுழன்றும் ஆண்டுக்கணக்கில் உழைப்பவை வாஷிங் மெஷினின் பேரிங்குகளே என்று எண்ணி, அவற்றையே அச்சில் பொருத்தினார். ஹேண்டில்பாரை மார்புக்கு நெருக்கமாக அமைத்து, கைகளை மடக்கி மார்பின் கீழ் ஒடுக்கி, தோள்களை முன்னே சாய்த்து அமரும் ஒரு புதிய நிலையையும் அவர் வகுத்தார். பறவை சிறகை ஒடுக்கியது போன்ற அந்த அமர்வு, ஆய்வுக்கூடத்தின் காற்றுச் சுரங்கத்தில் பிறந்ததன்று. சாலையில் பல்லாண்டு ஓட்டிப் பார்த்து, தவறியதை விலக்கி, தேறியதை வைத்துக்கொண்டவரின் அறிவிலிருந்து பிறந்தது.

1993 ஜூலை 16 அன்று நார்வேயின் ஹாமர் நகர உள்ளரங்கில், வேறொருவர் செய்து தந்த நகல் சைக்கிளில் ஓட்டிய ஒப்ரீ, மோசரின் தொலைவை எட்டவில்லை. இத்தகைய முயற்சிக்குப் பின் உடல் தேறுவதற்கு நாள்கள் பல ஆகும் என்பதே பொதுவான கருத்து; அவரோ சிறுநீர் உந்துதலால் இரவில் அடிக்கடி விழிப்பு வரும்படி நிறையத் தண்ணீர் குடித்து, விழித்தபோதெல்லாம் தசைகளை நீட்டித் தளர்த்திக்கொண்டு, மறுநாள் தம் சொந்தச் சைக்கிளிலேயே மீண்டும் தளமேறினார். 51.596 கிலோமீட்டருடன் ஒன்பது ஆண்டுச் சாதனை சரிந்தது. ஆறே நாள்களில், மரவேலைத் தொழிலாளியாக இருந்த இங்கிலாந்தின் கிறிஸ் போர்டுமேன் பிரான்சின் போர்தோவில் 52.270 கிலோமீட்டர் ஓட்டி அதைக் கடந்தார். 1994 ஏப்ரலில் அதே தளத்தில் 52.713 கிலோமீட்டருடன் ஒப்ரீ அதை மீட்டார். இவ்விருவரும் உலகச் சாதனையைத் தமக்குள் கைமாற்றிக்கொண்ட அந்த ஒன்பது மாதங்களுக்கு நிகரானதொரு காலம் இவ்விளையாட்டின் வரலாற்றில் அரிது.

சர்வதேச சைக்கிள் ஓட்டச் சங்கம் ஒப்ரீயின் புதுமையை வரவேற்கவில்லை. 1994இல் ஒப்ரீயின் ஒடுங்கிய நிலை தடைசெய்யப்பட்டது; அவ்வாண்டு சிசிலியில் நடந்த உலகப் போட்டியில் அந்நிலையிலேயே ஓட்டிய அவர் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். கைகளை முன்னே முழுமையாக நீட்டும் 'சூப்பர்மேன்' நிலையை அவர் அடுத்து உருவாக்க, 1996இல் அந்நிலையில் மான்செஸ்டரில் ஓட்டிய போர்டுமேன் 56.375 கிலோமீட்டர் எட்டினார். பின்னர் அதுவும் தடைக்குள்ளானது. கருவியைவிட மனிதனே முதன்மை பெற வேண்டும் என்ற கொள்கையின் பெயரால், 2000ஆம் ஆண்டில் சங்கம் சாதனையை மெர்க்ஸின் 49.431க்கே பின்தள்ளி, அவர் காலத்துச் சைக்கிள் வகையையே கட்டாயமாக்கியது. அக்கொள்கை நேர்மையானதாகத் தோன்றினாலும் ஒப்ரீயைப் பொறுத்தவரை அது நியாயம் தவறியது என்றே கொள்ள வேண்டும்: பெருநிறுவனத்தின் பணபலத்தைக் கட்டுப்படுத்துவதற்கான விதி, பழைய உலோகத்தைக் கொண்டு தம் உடலுக்கேற்பச் சைக்கிள் கட்டிய ஒரு தனிமனிதரின் உழைப்பைச் சாதனைப் பட்டியலிலிருந்து விலக்கியது. அவ்விதியின் கீழ் அதே ஆண்டில் ஓட்டிய போர்டுமேன், மெர்க்ஸைவிட 10 மீட்டர் மட்டுமே கூடுதலாகக் கடந்தார்.

2014இல் விதிகள் தளர்த்தப்பட்டு, தளப் பந்தயங்களுக்கு உரிய தற்கால சைக்கிள்கள் அனுமதிக்கப்பட்ட பின் சிந்தித்து ஓட்டுபவர்களுக்கு மீண்டும் வழி பிறந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்ற இத்தாலியின் விட்டோரியா புஸ்ஸி, 2023 அக்டோபரில் மெக்சிகோவின் அகுவாஸ்காலியெந்தஸில் 50.267 கிலோமீட்டர் ஓட்டி, இச்சாதனையில் 50 கிலோமீட்டரைக் கடந்த முதல் பெண்ணானார். ஆண்கள் பிரிவில், ஒரு தொழில்முறை அணியில் வீரராக அல்லாமல் பொறியாளராகப் பணியாற்றிய டான் பிகம், 2022 ஆகஸ்டில் சுவிட்சர்லாந்தின் கிரென்ஷனில் 55.548 கிலோமீட்டர் ஓட்டினார். தாம் ஓட்டிச் சோதித்த கருவிகளையும் கணக்குகளையும் தம் அணி வீரர் பிலிப்போ கான்னாவுக்கே அளித்து, தம் சாதனை முறியடிக்கப்படத் தாமே துணைநின்றார். அவ்வாண்டு அக்டோபரில் அதே தளத்தில் கான்னா கடந்த தொலைவு 56.792 கிலோமீட்டர்; ஒப்ரீ வகுத்த சூப்பர்மேன் நிலையில் போர்டுமேன் எட்டியிருந்த தொலைவை, அனுமதிக்கப்பட்ட நிலையில் அமர்ந்து ஒருவர் கடப்பதற்கு 26 ஆண்டுகள் ஆகியிருந்தன.